நீலம் ஏறும் இடம்: அரவிந்த் ஆலை பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெனிம் துணி பற்றியும் அதை நெய்யும் பெரிய ஆலைகள் பற்றியும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அகமதாபாத்தின் அரவிந்த் லிமிடெட்டையே சுற்றி வந்தன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த நிறுவனத்துக்கும் அதன் தொழில்நுட்பத்துக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அகமதாபாத்தில் எத்தனையோ பஞ்சாலைகள் மூடிப்போயின. அரவிந்த் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது?
– ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, கோவை

தாக்குப்பிடித்தது அரவிந்த் ஒன்று மட்டுமல்ல. ஆனால் 1980-களில் அந்த நகரத்து ஆலைகள் வரிசையாகப் படுத்தபோது, வேறு திசையில் துணிந்து திரும்பியவர்களில் அது முதன்மையானது.

1931-ல் கஸ்தூர்பாய், நரோத்தம்பாய், சிமன்பாய் என்ற லால்பாய் சகோதரர்கள் 25.25 லட்சம் ரூபாய் முதலீட்டில் தொடங்கிய ஆலை இது. அந்நியத் துணிப் புறக்கணிப்பு உச்சத்தில் இருந்த நேரம். லங்காஷயரிலிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய ரகத் துணிக்கு மாற்று வேண்டியிருந்தது. உள்ளூர் ஆலைகள் பெரும்பாலும் தடித்த ரகத்திலேயே நின்றிருந்தன. அரவிந்த் மெல்லிய, மிக மெல்லிய ரகங்களைக் குறிவைத்தது. நூற்பு, நெசவு, வெளுப்பு, சாயம், துணிக்குப் பளபளப்பூட்டும் மெர்சரைசிங், ஃபினிஷிங் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. வேட்டி, புடவை, ‘வாயில்’ எனும் மெல்லிய பருத்தித்துணி, சட்டைத்துணி என்று அரை நூற்றாண்டு அந்த வழியிலேயே ஓடியது.

பிறகு விசைத்தறி வந்தது. நாலு தறி போட்டு வீட்டோடு நெய்பவருக்கு ஆலையின் சம்பளப் பட்டியலும் இல்லை, அதே அளவு வரியும் இல்லை. அதே ‘வாயில்’ துணியை, அதே சட்டைத்துணியை அவர் ஆலையைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். 1985 ஜவுளிக் கொள்கை ஆலைக்கும் விசைத்தறிக்கும் இடையே இருந்த பழைய பாகுபாடுகளைத் தளர்த்தியது. ஆனால் அடக்கவிலை வித்தியாசம் அப்படியே நின்றது. எல்லாரும் நெய்யக்கூடிய துணியை நெய்துகொண்டிருந்தவரை ஆலைக்கு விடிவு இல்லை.

அரவிந்த் 1986-87 வாக்கில் ‘ரெனோவிஷன்’ என்று பெயரிட்டு எடுத்த முடிவு இதுதான்: விசைத்தறியால் எளிதில் செய்ய முடியாத, உலகம் முழுவதும் விற்கக்கூடிய ஒரு துணியைப் பிடிப்பது. அந்தத் துணி டெனிம். உற்பத்தி 1987-ல் தொடங்கியது. டெனிமுக்கு மூன்று காவல்கள் உண்டு. துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு இண்டிகோ என்ற நீலச் சாயம் ஏற்ற நீண்ட, விலை உயர்ந்த தொடர் இயந்திரம் வேண்டும். கனத்த துணியை இறுக்கி நெய்ய வலுவான தறி வேண்டும். நெய்தபின் சுருக்கத்தையும் சாய்வையும் கட்டுப்படுத்தும் ஃபினிஷிங் வேண்டும். மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவருக்குத்தான் அடுத்த மாதமும் அதே நீலத்தைத் தர முடியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1894-ல் பிறந்து 1980-ல் மறைந்த கஸ்தூர்பாய், ஆய்வுக்கூடத்தை நம்பிய முதலாளி. 1947-ல் அகமதாபாத் ஜவுளி ஆய்வுச் சங்கமான ‘அடீரா’ உருவானதில் விக்ரம் சாராபாயோடு அவருக்கும் பெரிய பங்கு உண்டு. சாயத்துக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கக் கூடாது என்று வல்சாடு பக்கம் அதுல் ரசாயன நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. நெசவை வேதியியலோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் டெனிமுக்கு முன்பே இருந்தது. அரவிந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பாடப்புத்தகத்தில் ‘ரோப் டையிங்’ என்று ஒரு பத்திதான் இருக்கிறது. பெரிய டெனிம் ஆலையில் நூல் எப்படி நீலமாகிறது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? எங்கே தவறு வரும்?
– ஜவுளித் தொழில்நுட்ப மாணவி, சேலம்

டெனிமில் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. மூன்றின் மேல் ஒன்றின் கீழ் போகும் ட்வில் நெசவு என்பதால் முகப்பில் பாவின் நீலமும் பின்புறம் ஊடையின் வெள்ளையும் தெரிகின்றன. ஆகவே சாயம் துணிக்கு இல்லை, நெசவுக்கு முன்னால் பாவு நூலுக்கு.

கனத்த ஜீன்ஸ் துணிக்கு 7-ஆம் கவுன்ட் பக்கத்து நூல் பழக்கம் (கவுன்ட் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண்; எண் குறையக் குறைய நூல் தடிக்கும்). நூல் சுற்றிய கோன்களை கிரீல் என்ற தாங்கியில் மாட்டி, 350 முதல் 400 இழைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கயிறாக உருளையில் சுற்றுவார்கள். அதுதான் பால் வார்ப்பிங். ஒரு கயிறு 10,000 முதல் 15,000 மீட்டர் நீளம் இருக்கும். இடையிடையே குறுக்கே ஒரு பிரிநூல் கட்டுவார்கள். பின்னால் கயிறைப் பிரிக்கும்போது இழைகள் வரிசை மாறாமல் இருக்க அந்த நூல்தான் துணை. அதைக் கட்டத் தவறினால் விளைவு சாயத்தில் தெரியாது, இரண்டு கட்டம் தள்ளித் தெரியும்.

62 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 68 இழை என்றால் மொத்தம் ஏறக்குறைய 4,200 இழைகள். கயிற்றுக்கு 350 இழை வைத்தால் 12 கயிறுகள் ஒரு செட். சாய இயந்திரத்தில் 12 முதல் 36 கயிறுகள் வரை பக்கம் பக்கமாக ஓடும்.

முதல் தொட்டியில் காஸ்டிக் சோடாவும் நனைப்பானும் கலந்த சூடான நீர். பருத்தியின் மெழுகு போனால்தான் நூல் சீராக நனையும். அதன்பின் அலசல், பிறகு இண்டிகோ தொட்டிகள். இண்டிகோ அப்படியே நீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும், ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கும் ரசாயனமும் சேர்த்து ஒடுக்கினால் (ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினை) மஞ்சள் கலந்த பச்சை நிறக் கரைசலாகும். அந்த நிலையில்தான் அது பருத்தியைப் பிடிக்கும். கயிறு ஒரு தொட்டியில் 15 முதல் 20 விநாடி முங்கும். உருளைகள் பிழிந்தபின் மேலே ஏறிக் காற்றில் 60 முதல் 90 விநாடி ஓடும். காற்றின் ஆக்சிஜன் பட்டதும் பச்சை நீலமாகிறது. இப்படி 6 முதல் 8 முறை. ஒரே முங்கலில் கனத்த நிறம் வராது, ஏனென்றால் இண்டிகோவுக்குப் பருத்தியின் மேல் ஈர்ப்பு குறைவு. ஒவ்வொரு முறையும் மெல்லிய ஓர் அடுக்காகவே ஏறும்.

இந்தக் குறைந்த ஈர்ப்பில்தான் டெனிமின் அழகும் இருக்கிறது. சாயம் நூலின் வெளிவட்டத்தோடு நின்று உள்நடு வெள்ளையாகவே இருக்கும். துவைக்கத் துவைக்க வெளுத்து வருவது அதனால்தான். இதைக் கையில் வைத்திருப்பது தொட்டியின் காரத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு. 11-ஐ ஒட்டி இருந்தால் இண்டிகோ மேற்பரப்பிலேயே அழுத்தமாகப் பிடிக்கும். 12.5-க்கு மேல் போனால் ஈர்ப்பு குறைந்து சாயம் உள்ளே ஊடுருவும். அதே அளவு சாயம் செலவாகியும் நிறம் வெளிறித் தெரியும், துவைத்தாலும் நினைத்த மாதிரி வெளுக்காது.

ஹைட்ரோஸ் குறைந்தால் வேறு சிக்கல். ஒடுங்காத இண்டிகோ துகளாக நூலின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்போது நிறம் நன்றாக ஏறியதுபோலத் தோன்றும், ஆனால் கை வைத்தால் கையில் வரும். அதனால் ஒடுக்கும் வலிமையைக் காட்டும் ஒடுக்க மின்னழுத்தத்தை மைனஸ் 700 முதல் 760 மில்லிவோல்ட் வரம்பில் வைத்துக்கொண்டு, டோசிங் பம்ப் மூலம் இண்டிகோவையும் ஹைட்ரோஸையும் காஸ்டிக்கையும் ஓயாமல் ஊட்டுவார்கள். காற்றில் ஓடும் கயிறே ஹைட்ரோஸைத் தின்றுகொண்டிருக்கும். கோடையில் தொட்டி சூடேறினால் ஹைட்ரோஸ் வேகமாகச் சிதையும், சாயத்தின் ஈர்ப்பும் குறையும். குஜராத் வெயிலில் தொட்டியின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பது சாயம் போடுபவரின் அன்றாடக் கவலை.

இன்னொரு பெரிய எதிரி இயந்திர நிறுத்தம். ஒரு கயிறு அறுந்து இயந்திரம் நின்றால், தொட்டிக்குள் இருக்கும் பகுதி கூடுதல் நேரம் ஊறி, காற்றில் நிற்கும் பகுதி வேறு மாதிரி காய்ந்து, எல்லாக் கயிறுகளிலும் ஒரே இடத்தில் நிற வேறுபாடு விழும். சாயத்துறையில் நிமிடத்துக்கு 25, 30 மீட்டர் என்று சீரான வேகத்தில் நாள் முழுக்க நிற்காமல் ஓட்டுவதைத்தான் திறமை என்பார்கள்.

சாயம் முடிந்து அலசி, மென்மையூட்டி, நீராவி உருளைகளில் உலர்த்திக் கேன்களில் இறக்குவார்கள். அடுத்தது ரீபீமிங். கயிற்றை உயரத்துக்கு ஏற்றி இறக்கித் தளர்த்தி, சீப்பால் 350 இழைகளாகப் பிரித்து ஒரு பீமில் சுற்ற வேண்டும். பிரிநூல் இல்லாத இடமும் கயிறு முறுக்கேறிய இடமும் சிக்கல் போடுவது இங்கேதான். பின் 12 பீம்களையும் ஒன்றாக வைத்துக் கஞ்சி போட்டால் 4,200 இழை கொண்ட தறிப் பீம் கிடைக்கும்.

12 கயிறுகளின் இழைகளும் இந்தக் கட்டத்தில் துணியின் அகலம் முழுக்கக் கலந்துவிடுகின்றன. ஒரு கயிறு மற்றதைவிடச் சற்றே வெளிறியிருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. மாறாக, எல்லா இழைகளையும் விரிப்பாக ஓட்டி ஒரே ஓட்டத்தில் சாயமும் கஞ்சியும் போடும் ஸ்லாஷர் முறையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் நிறம் மாறினால் அது அப்படியே துணியில் நிற்கும். ஸ்லாஷர் இடத்தையும் ஆளையும் மிச்சப்படுத்தும், மெல்லிய துணிக்கும் சிறிய லாட்டுக்கும் (ஒரே தடவையில் ஓட்டும் தொகுதி) ஏற்றது. கனத்த துணியில் ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் ரோப்தான்.

கேள்வி: நாங்கள் சிறிய அளவில் ஜீன்ஸ் தைக்கிறோம். பெரிய ஆலைத் துணிதான் வாங்குகிறோம். ஆனாலும் வாஷிங் போய் வந்தபின் ஒரே பேண்டில் இரண்டு நிறம், கால் முறுக்கல் வருகிறது. குறை துணியிலா, எங்களிடமா?
– தையல் கூட உரிமையாளர், திருப்பூர்

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு பெரிய ஆலையானாலும் ரோலுக்கு ரோல் சிறிய வேறுபாடு இருக்கும். நல்ல ஆலை அதை மறைக்காது, நிறக் குழுக்களாகப் பிரித்து லேபிளில் எழுதித் தரும். வாங்கியதும் ஒவ்வொரு ரோலிலிருந்தும் 20 சென்டிமீட்டர் சதுரத் துண்டு வெட்டி, பின்னால் ரோல் எண்ணை அழியாத மையில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே போர்வையாகத் தைத்து, உங்கள் பேண்டுக்குப் போடும் அதே வாஷுக்கு அனுப்புங்கள். துவைக்காத துணியில் தெரியாத வேறுபாடு துவைத்தபின் வெளியே வந்துவிடும். வந்ததும் பகல் வெளிச்சத்தில் வைத்து மூன்று நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை ஒரு லேயில் (வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்த அடுக்கு) மட்டும் விரியுங்கள்.

பெரும்பாலான இரட்டை நிறப் புகார்கள் லேயில்தான் பிறக்கின்றன. வேறு வேறு ரோல்களை ஒரே லேயில் விரித்துவிட்டு, அடுக்கு எண் ஒட்டாமல் வெட்டினால், முன்கால் 14-ஆம் அடுக்கிலிருந்தும் பின்கால் 15-ஆம் அடுக்கிலிருந்தும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் எண் ஸ்டிக்கர் ஒட்டுவது அலுப்பான வேலை, ஆனால் விட்டுவிடாதீர்கள்.

கால் முறுக்கலுக்கு வருவோம். ட்வில் நெசவு துவைத்தபின் ஒரு பக்கமாகச் சாயும் இயல்புடையது. அதனால் ஃபினிஷிங்கில் ஊடையை முன்கூட்டியே சாய்த்து வைப்பார்கள், ஸ்கியூ என்பது அதுதான். அதைப் போதிய அளவு செய்யாத துணி உங்கள் பேண்டில் முறுக்கும். சோதனை சுலபம். பாவுக்கு இணையாக 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்து உலர்த்துங்கள். மேல்கோடு கீழ்க்கோட்டுக்கு நேராக நிற்காமல் 1.5 சென்டிமீட்டர் விலகியிருந்தால் சாய்வு 3 சதவீதம். அதற்கு மேல் என்றால் கட்டிங்குக்கு முன்பே ஆலையிடம் பேசுங்கள், வெட்டிய துணிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது: துணியைச் சிக்கனமாக்க மார்க்கரில் (வெட்டும் வரைபடத்தில்) கால் பாகத்தைச் சாய்த்து வைத்திருக்கிறீர்களா என்று. பாவுக் கோட்டிலிருந்து விலகி வெட்டிய கால், நல்ல துணியிலும் முறுக்கும்.

அதே சதுரத்தில் சுருக்கத்தையும் அளந்துவிடலாம். 50 சென்டிமீட்டர் 48.5 ஆனால் 3 சதவீதம். சான்ஃபரைஸ் செய்த, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணி நீளவாக்கில் இந்த அளவோடு நிற்க வேண்டும். ஸ்ட்ரெச் துணியில் அகலவாக்குச் சுருக்கம்தான் ஆபத்து. 50 சென்டிமீட்டர் 44-க்கு வந்துவிடும், அதாவது 12 சதவீதம். பேட்டர்னை அதற்கேற்பப் பெரிதாக்காமல் விட்டால் 34 அளவுப் பேண்ட் 34-ஆக இருக்காது. ஸ்ட்ரெச் ரோலைப் பிரித்து 24 மணி நேரம் தளர விட்ட பிறகே வெட்டுங்கள்.

கேள்வி: ‘12 அவுன்ஸ் டெனிம்’ என்று சொல்லித் தருகிறார்கள். அதைக் கடையிலேயே சரிபார்க்க வழி உண்டா?
– ஜவுளிக்கடைக்காரர், கரூர்

உண்டு. ஒரு சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 33.9 கிராம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுத்து, கிராமை 100-ஆல் பெருக்குங்கள். 4.07 கிராம் என்றால் 407, அதாவது 12 அவுன்ஸ். மூன்று இடங்களில் வெட்டிச் சராசரி எடுங்கள், ஓரத்தில் வெட்ட வேண்டாம்.

ஆலை சொல்லும் இழைக் கணக்கிலிருந்தும் எடையைத் தோராயமாகப் பிடிக்கலாம். பாவு இழை எண்ணிக்கையைப் பாவின் கவுன்ட்டால் வகுத்து, ஊடைக்கும் அப்படியே செய்து, இரண்டையும் கூட்டி 25.6-ஆல் பெருக்க வேண்டும். 68 இழைப் பாவும் 44 இழை ஊடையும், இரண்டும் 7-ஆம் கவுன்ட் என்றால், 112-ஐ 7-ஆல் வகுக்க 16, அதை 25.6-ஆல் பெருக்க 409.6 கிராம். 12 அவுன்ஸுக்கு ஒட்டி வந்துவிட்டது. கடைத் தராசில் இதைவிடக் கணிசமாகக் கூடினால் கஞ்சி அதிகம் இருக்கிறதென்று பொருள். துண்டை வெந்நீரில் அலசி உலர்த்தினால் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அரவிந்த் லிமிடெட், அரவிந்த் ஃபேஷன்ஸ் இரண்டும் ஒன்றா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. பழைய பெயரான ‘அரவிந்த் மில்ஸ்’ 2008-ல் அரவிந்த் லிமிடெட் ஆனது. 2018-ல் பிராண்டு வியாபாரத்தை அரவிந்த் ஃபேஷன்ஸ் என்றும் பொறியியல் பிரிவை அனுப் இன்ஜினியரிங் என்றும் பிரித்தார்கள். இரண்டும் 2019 மார்ச்சில் பங்குச்சந்தையில் தனித்தனியே பட்டியலாயின. துணி, ஆயத்த ஆடைத் தயாரிப்பு, கண்ணாடியிழைத் துணி போன்ற தொழில்நுட்ப ஜவுளிகள் அரவிந்த் லிமிடெட்டில் இருக்கின்றன.

கேள்வி: 1990-களில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று வெட்டாத ஜீன்ஸ் துணி பொட்டலமாக வந்தது நினைவிருக்கிறது. அது என்ன ஆனது?
– தையல்காரர், கும்பகோணம்

அது அரவிந்தின் நல்ல யோசனைகளில் ஒன்று. ஆயத்த ஜீன்ஸ் வாங்க முடியாதவருக்குத் துணி, ஜிப், ரிவெட், பட்டன், பின்னால் ஒட்டும் பட்டை எல்லாம் ஒரே பொட்டலத்தில். தைப்பது ஊர்த் தையல்காரர். ஆயிரக்கணக்கான தையல்காரர்களுக்கு அதைத் தைக்கும் முறை சொல்லிக்கொடுத்து, கிராமம் வரை கொண்டுபோனார்கள். கனத்த டெனிமை வீட்டு மெஷினில் தைக்கும்போது ஊசி முறிவதும் தொடை மூட்டில் தையல் தவறுவதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். 16 அல்லது 18-ஆம் எண் ஊசியும் தடித்த நூலும் அந்த மூட்டைச் சுத்தியலால் தட்டி மட்டமாக்குவதும் அப்போது பரவிய வழக்கங்கள். மலிவான ஆயத்த ஜீன்ஸ் பெருகியபின் பொட்டலத்துக்குத் தேவை குறைந்துபோயிற்று.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனம் 2001-ல் கடனில் மூழ்கியது ஏன்? ஒரு ஜவுளி நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?
– வங்கி ஊழியர், மதுரை

டெனிமில் கண்ட லாபமே காரணம் என்று சொல்லலாம். 1990-களின் முதல் பாதியில் டெனிம் நல்ல விலைக்குப் போனது. அதை நம்பிக் கொள்திறனைப் பெருக்கினார்கள். காந்திநகர் மாவட்டத்தின் சாந்தேஜில் சட்டைத்துணி, கால்சட்டைத் துணி, பின்னலாடைக்கென்று பெரிய வளாகம் எழுப்பினார்கள். பெரும்பகுதி கடன். உலகம் முழுக்க மற்ற ஆலைகளும் அதே கணக்கைப் போட்டிருந்தன. டெனிம் சந்தையில் குவிந்தது, நாகரிகம் காக்கிப் பக்கம் சாய்ந்தது, 1997-ன் கிழக்காசிய நெருக்கடி விலையை மேலும் இறக்கியது. கடன் 2,500 கோடி ரூபாயைத் தாண்டி நின்றபோது வட்டியே லாபத்தை விழுங்கியது. 2001-ல் கடன் கொடுத்தவர்களோடு மறுசீரமைப்பு நடந்தது. சிலர் தள்ளுபடியோடு தொகையை வாங்கிக்கொண்டு விலகினர், மற்றவர்கள் நீண்ட தவணைக்கு ஒப்புக்கொண்டனர். சாயத்துறையும் தறிகளும் தரமாக ஓடிக்கொண்டிருந்ததால்தான் கடன்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள் என்பது எங்கள் துணிபு.

ஆண்டறிக்கையில் முதலில் வட்டிச் செலவைத் தேடுங்கள், இயக்க லாபம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். இரண்டாவது, சரக்கிருப்பு. பருத்திப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. வரத்து மிகுந்த மாதங்களில் பல மாதத் தேவையை ஆலைகள் வாங்கிச் சேமிக்கும். எனவே மார்ச் 31 கணக்கில் பஞ்சு இருப்பு பெருத்துத் தெரிவது இயல்பு, அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் அந்த இருப்பை எந்த விலையில் வாங்கினார்கள் என்பது அடுத்த இரண்டு காலாண்டின் தலையெழுத்து. நூற்பில் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுதான். 356 கிலோ கண்டி ஒன்றுக்கு 3,560 ரூபாய் ஏறினால் கிலோவுக்கு 10 ரூபாய். 100 கிலோ பஞ்சில் 85 கிலோ நூல் கிடைப்பதாக வைத்தால், நூல் அடக்கத்தில் ஏறக்குறைய 12 ரூபாய் கூடுகிறது.

மூன்றாவது, புதிய முதலீடு எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பது. துணி விற்பவர் அந்தத் துணியிலேயே ஆடை தைத்து விற்கத் தொடங்கினால், ஒரு மீட்டருக்குக் கிடைக்கும் வருமானம் கூடும், ஆனால் ஆள்பலம் பன்மடங்கு வேண்டும். அரவிந்த் பெங்களூருவிலும் ராஞ்சியிலும் தையல் ஆலைகள் வைத்திருப்பது அந்தக் கணக்கில்தான்.

கேள்வி: சாயக்கழிவு என்றாலே நொய்யல் ஆறுதான் நினைவுக்கு வருகிறது. டெனிம் ஆலைகள் தண்ணீரை என்ன செய்கின்றன?
– விவசாயி, ஒரத்துப்பாளையம் அருகே

உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் இழப்பு பெரியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பூஜ்ய வெளியேற்றம், அதாவது கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்பது, காகிதத்திலிருந்து களத்துக்கு வந்தது.

திருப்பூர்ப் பின்னலாடைச் சாயத்தின் கழிவும் டெனிம் சாயத்தின் கழிவும் ஒன்றல்ல. பின்னலாடைக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற, லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு கொட்ட வேண்டும். அந்த உப்புதான் கிணற்றையும் மண்ணையும் கெடுத்தது. இண்டிகோவுக்கு அப்படி உப்பு தேவையில்லை. ஆனால் ஹைட்ரோஸ் சிதைந்து சல்பேட்டாக நீரில் சேரும், காஸ்டிக்கும் சேரும். கறுப்புக்குப் போடும் சல்ஃபர் சாயத்தில் சல்ஃபைடு வரும். நீலம் மட்டும் பெரும்பாலும் காற்றுப் பட்டதும் கரையாத் துகளாகிவிடுவதால் நுண்வடிகட்டியில் பிடித்து மறுபடி பயன்படுத்த முடியும்.

சுத்திகரிப்பின் கடினமான பகுதி கடைசியில் இருக்கிறது. உயிரியல் தொட்டி, வடிகட்டி, ஆர்.ஓ. மூலம் பெரும்பகுதி நீர் திரும்பிவிடும். மிஞ்சும் 10, 15 சதவீத அடர்கழிவை நீராவியால் காய்ச்சி உப்பாக்க வேண்டும். எரிபொருள் செலவு முழுக்க அங்கேதான். அந்த அடர்கழிவை யாரும் பார்க்காத இரவில் திறந்துவிடும் சபலம் பிறப்பதும் அங்கேதான். ஒரு ஆலையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆவியாக்கி இயந்திரத்தின் நீராவிக் கணக்கையும், மாதந்தோறும் எத்தனை டன் உப்பு மூட்டையாகிறது என்பதையும் கேளுங்கள். எடுத்த நீருக்கு உப்பு கணக்குச் சரியாக வர வேண்டும்.

அரவிந்த் அகமதாபாத் டெனிம் ஆலையில் வேறொரு வழியும் எடுத்தது. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப்போடு சேர்ந்து 2019-ல் அமைத்த நிலையத்தில், நகரத்து வீடுகளின் கழிவுநீரை வாங்கி சவ்வு உயிரியல் முறையில் சுத்திகரித்துச் சாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நாளொன்றுக்கு 80 லட்சம் லிட்டர் நன்னீர் மிச்சம் என்று அறிவித்தார்கள். ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் நம்பாமல் நகரத்துச் சாக்கடையை மூலமாக்கியது நம் ஊர்ச் சாயத்தொழிலும் பார்த்துச் செய்யக்கூடிய வேலை.

கேள்வி: மாதம் 2,000 மீட்டர் வாங்கும் என்னைப் போன்றவர் பெரிய ஆலையிடம் நேரடியாக வாங்க முடியுமா?
– ஆடை உற்பத்தியாளர், ஈரோடு

உங்களுக்கென்று தனி நிறத்தில், தனி எடையில் கேட்டால் கடினம். காரணம் சாயத்துறையின் கணக்கு. 12,000 மீட்டர் நீளக் கயிறுகள் 24 ஓடினால் இரண்டு செட். சுருக்கம் போக ஏறக்குறைய 20,000 மீட்டர் துணி. பேண்டுக்கு 1.3 மீட்டர் என்றால் 15,000 ஜீன்ஸ். தொட்டியின் நிறத்தை மாற்றுவதற்கே நேரமும் சாயமும் வீணாகும் என்பதால் 2,000 மீட்டருக்காக இயந்திரத்தைத் திருப்ப மாட்டார்கள்.

ஆலை எப்போதும் ஓட்டும் ரகத்தில் ஒன்றை விநியோகஸ்தர் மூலம் எடுங்கள். மேட்டுப்பாளையம் அருகே ஜடையம்பாளையத்தில் கே.ஜி. டெனிம் உருவான காலத்திலிருந்து நம் பக்கத்திலும் டெனிம் தெரிந்த வியாபாரிகள் இருக்கிறார்கள். மூன்று விஷயங்களை பில்லில் எழுதி வாங்குங்கள்: லாட் எண், நிறக் குழு, நாலு புள்ளி முறையில் துணியின் தரம்.

நாலு புள்ளி முறை தெரியாதவர்களுக்கு: 3 அங்குலம் வரையிலான குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஒரு கஜத்தில் எத்தனை குறை இருந்தாலும் 4 புள்ளிக்கு மேல் போடக்கூடாது. மொத்தப் புள்ளியை 3,600-ஆல் பெருக்கி, அங்குல அகலத்தையும் கஜ நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 60 அங்குல அகலம், 100 கஜ ரோலில் 24 புள்ளி என்றால் 14.4. பொதுவாக 40 வரை ஏற்பார்கள், ஜீன்ஸுக்கு 20-க்குள் கேளுங்கள். தள்ளுபடி ரோல் என்று வருவதில் இந்த எண்ணைச் சொல்ல மறுத்தால், ஒரு ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.